வாயிலுக்குப் பூட்டும் விளக்கும்

கேள்வி: செல்லின் சவ்வில் உள்ள அயனிக் கால்வாய்களை (மின்னூட்டம் கொண்ட அணுக்கள் போய்வரும் நுண்ணிய வாயில்களை) வேதிப்பொருளால் மூடித் திறக்கவும், அவை இருக்கும் இடத்தைக் காணவும் முடியுமா?

பதில்: முடியும். இரண்டையும் ஆய்வகத்தில் நானே செய்திருக்கிறேன்.

முதலில் காண்பது. 1963-இல் சாங், லீ என்ற அறிவியலாளர்கள் இருவரும் கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்து ஆல்ஃபா-பங்காரோடாக்சினைப் பிரித்தார்கள். நரம்பு தசையைத் தொடும் இடத்திலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளை, அதாவது நரம்பு விடும் வேதிச் செய்தியைப் பெற்றுத் திறக்கும் அயனிக் கால்வாய்களை, அது இறுகப் பிடித்துக்கொள்ளும். அதோடு ஒளிரும் சாயத்தை இணைத்து எலியின் தசை இழை மேல் விட்டு, கழுவிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். இருட்டில் முறுக்கு பிழிந்தது போல வளைந்து வளைந்து சிவப்புக் கோலங்கள்! அன்று மதியம் சாப்பிடவே தோன்றவில்லை.

மூடுவதற்குப் பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடாக்சின் போதும். சோடியம் கால்வாயின் வாயை வெளியிலிருந்து அடைத்துவிடும். நரம்புத் துடிப்பு நின்றுபோகும்.

சரி, நினைத்தபோது திறக்க வேண்டுமே? எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2004-இல் பொட்டாசியம் கால்வாய் ஒன்றின் வெளிப்புறத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்றை ஆய்வாளர்கள் புகுத்தி, ஒளிக்கேற்ப வடிவம் மாறும் அசோபென்சீன் கொண்ட மூலக்கூறை அதில் கட்டினார்கள். அதன் மறுமுனையில் அடைப்பான். 500 நானோமீட்டர் ஒளியில் மூலக்கூறு நீண்டு நிற்கும், அடைப்பான் வாயில் போய்ச் சொருகும். 380-இல் மடங்கும், வாய் திறக்கும். விளக்கை மாற்றியதும் மின்னோட்டக் கோடு ஏறி இறங்குவதைத் திரையில் பார்க்க வேண்டும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுப்பதில்லை.