ரோலர் புதுசு, ஆனாலும் கதவு டிராக்கை விட்டு வெளியே வருகிறதே?

கேள்வி: தூத்துக்குடியில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி ஆலையில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சரக்கு ஏற்றும் இடத்தில் மூன்று செக்‌ஷனல் ஓவர்ஹெட் கதவுகள் (கீலில் கோத்த பேனல்கள் டிராக் வழியாக மேலே ஏறும் வகை) இருக்கின்றன. ஒவ்வொன்றும் 3 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம், 40 மி.மீ. இன்சுலேட்டட் பேனல் ஆறு. போட்டு ஏழு வருடம் ஆகிறது. நடுக் கதவில், இடது பக்கம் கீழிருந்து இரண்டாவது ரோலர் அடிக்கடி டிராக்கை விட்டு வெளியே வந்துவிடுகிறது. ரோலரை இரண்டு முறை மாற்றியும் பலனில்லை. அதே பக்கம் கீழ் மூலையில் கதவைத் தூக்கும் கேபிள் மாட்டியிருக்கும் பிராக்கெட்டும் துருப்பிடித்திருக்கிறது. "அப்படியே வெல்டு வைத்துவிடலாம், இல்லாவிட்டால் பட்டறையில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் புதிதாகச் செய்து தருகிறேன்" என்கிறார் உள்ளூர் ஃபிட்டர். செய்யலாமா? எங்கள் ஆட்களே மாட்டிவிடலாமா?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கதவில் வெல்டிங் வேண்டாம். கீழ் பிராக்கெட்டில் உங்கள் ஆட்கள் ஸ்பேனரே வைக்கக் கூடாது. கதவு இப்போது மூடியிருந்தால் மூடியபடியே இருக்கட்டும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, ஐசொலேட்டரில் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பூட்டுப் போட்டுவிடுங்கள். சரக்கு மற்ற இரண்டு கதவு வழியாகப் போகட்டும். இனி நிதானமாகக் காரணத்தைப் பார்க்கலாம்.

எல்லோரும் முதலில் ரோலரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஆனால் ரோலருக்கு உருளுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அது சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதைப் பிடித்திருக்கும் ஹிஞ்சும் (கீல்) பிராக்கெட்டும்தான். பிடிமானம் கெட்டுப்போயிருந்தால் எத்தனை புது ரோலர் போட்டாலும் அதே இடத்தில்தான் வெளியே வரும்.

ஆறு பேனல் கதவென்றால் பக்கத்துக்கு ஏழு ரோலர், மொத்தம் 14. கீழ் மூலைகளில் இருப்பவை கீழ் பிராக்கெட்டில் நிற்கின்றன. கதவின் எடையைக் கேபிளிடம் ஒப்படைக்கும் இடம் அது. மேல் மூலைகளில் இருப்பவை மேல் பிராக்கெட்டில். நீள்துளையில் முன்னும் பின்னும் நகர்த்தி, மேல் பேனலை ரப்பர் சீலோடு அழுத்தி வைக்க வசதி செய்திருப்பார்கள். கதவு மூடியிருக்கும்போது மேலே இடைவெளி தெரிந்தால் அங்கே சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். மீதிப் பத்தும் பேனல் இணைப்புகளின் ஓர ஹிஞ்சில் இருக்கின்றன. உங்கள் தொல்லை இந்த மூன்றாவது வகையில்.

ஓர ஹிஞ்சைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தகட்டில் 1, 2, 3 என்று ஓர் எண் அழுத்தப்பட்டிருக்கும். செங்குத்து டிராக் சுவருக்குச் சரி இணையாக நிற்பதில்லை. மேலே போகப் போகச் சுவரை விட்டுக் கொஞ்சம் விலகும். கதவு இறங்கி முடியும் நேரத்தில்தான் பேனல்கள் ரப்பர் சீலில் அழுந்த வேண்டும், வழி நெடுக உரசிக்கொண்டே வரக் கூடாது என்பதற்காக இந்தச் சாய்வு. அதனால் மேலே உள்ள ஹிஞ்சுகளில் ரோலரின் மையம் பேனலிலிருந்து கூடுதலாகத் தள்ளி நிற்க வேண்டும். எண் 1 மிகக் கீழே உள்ள இணைப்புக்கு, 2 அதற்கு மேல், இப்படியே உங்கள் கதவில் 5 வரை போகும். ரோலர் இல்லாத நடு ஹிஞ்சுகள் வழக்கமாக 1-தான். 1921-இல் அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் மேலே தூக்கும் கதவைக் கொண்டுவந்த காலத்துக்குப் பிறகு மோட்டாரும் பேனலும் எவ்வளவோ மாறிவிட்டன; ரோலரும் ஹிஞ்சும் டிராக்கும் சேர்ந்த இந்த அடிப்படை மாறவில்லை. ஐரோப்பிய வகைக் கதவாக இருந்தால் எண் இருக்காது. அதற்குப் பதில் ரோலர் தாங்கி தனித் துண்டாக, இரண்டு போல்ட்டில் நகர்த்தி இறுக்கும்படி இருக்கும்.

எண்ணைக் கவனிக்காமல் கிடைத்த ஹிஞ்சை மாட்டுவது நம் ஊரில் சாதாரணம். 3 இருக்க வேண்டிய இடத்தில் 1 மாட்டினால் ரோலர் சுவர்ப் பக்கம் இழுக்கப்பட்டு, டிராக்கின் உதட்டை (வளைந்த விளிம்பு) சதா நெருக்கிக்கொண்டே ஓடும். இதைச் சோதிப்பது சுலபம். கதவு மூடி, மின்சாரம் நிறுத்திய நிலையில் ஓர ஹிஞ்சுகளில் உள்ள ரோலர் ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் அசையவே மாட்டேன் என்றால், அந்த ஹிஞ்சின் எண்ணோ தாங்கியின் இடமோ தவறு. ரோலரின் பேரிங் இறுகிப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

உங்கள் விஷயத்தில் எனக்கு வேறொரு சந்தேகம் முன்னால் நிற்கிறது. கீழிருந்து இரண்டாவது ரோலர் என்றால் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே. பேலட்டின் மூலையும் ஃபோர்க்லிஃப்ட்டின் உடம்பும் வந்து இடிக்கிற உயரம் அது. டிராக்கைத் தூரத்தில் நின்று பார்த்தால் நேராகத்தான் தெரியும். பக்கத்தில் போய் டார்ச் அடித்து, ரோலரை உள்ளே பிடித்து வைக்கும் அந்த வளைந்த உதட்டைப் பாருங்கள். வெர்னியர் (நுண்ணளவு பார்க்கும் அளவுகோல்) இருந்தால் அந்த இடத்தில் உதட்டின் திறப்பை அளந்து, ஒரு மீட்டர் மேலே அளந்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் விரிந்திருந்தாலே எனக்குப் போதுமான சாட்சி. லேசாக விரிந்ததை ஸ்பேனரால் மடக்கி நேராக்கலாம். மடிப்பு விழுந்திருந்தால் அந்த நீளத்தை மாற்றிவிடுங்கள். தட்டி நேராக்கிய மடிப்பு அதே இடத்தில் மறுபடி விட்டுக்கொடுக்கும். டிராக்கைச் சுவரோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் ஆட்டிப் பாருங்கள்.

அடுத்து ரோலரின் தண்டு. சாதாரணமாக 11 மி.மீ. விட்டம். ஹிஞ்சில் இருக்கும் குழாய்க்குள் அது சும்மாதான் செருகி நிற்கிறது, ஸ்க்ரூ ஏதும் கிடையாது. அது வேண்டுமென்றே விட்டது. இரண்டு டிராக்குக்கும் நடுவே தூரம் சில மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால், தண்டு உள்ளே வெளியே நகர்ந்து ஈடுகட்டும். உங்கள் ஊர் உப்புக்காற்றில், தினமும் தண்ணீர் அடித்துக் கழுவும் இடத்தில், இந்தக் குழாய்க்குள் துரு ஏறி தண்டு இறுகிவிடும். இறுகிய தண்டு நகராது. டிராக் விலகியிருக்கும் இடம் வந்ததும் சக்கரத்தையே வெளியே இழுத்துவிடும். நீங்கள் ரோலரை மாற்றினீர்கள், துரு ஏறிய பழைய குழாய் அப்படியே இருக்கிறது.

ஒரு ஸ்கேலும் சாக்பீஸும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் விளிம்புக்கும் சக்கரத்துக்கும் இடையில் எவ்வளவு தண்டு தெரிகிறது என்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரோலராக அளந்து பேனலிலேயே எழுதுங்கள். எண்கள் வரிசையாக இருக்கும்போது கதை தானாகத் தெரியும். எல்லா உயரத்திலும் இடது பக்கம் நீளமாகவும் வலது பக்கம் துளியாகவும் இருந்தால், கதவு மொத்தமாக வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இரண்டாவது ரோலரில் மட்டும் எண் தாவினால் டிராக் அங்கே வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. அப்புறம் டேப்பால் டிராக்குக்கும் டிராக்குக்கும் உள்ள தூரத்தைக் கீழே, நடுவில், மேலே அளந்து சரிபாருங்கள். வலப்பக்க ரோலர்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே தண்டு இறுகியிருந்தால் அது கதவைத் தன் பக்கம் இழுக்கும், ஆனால் ரோலர் கழல்வது இடப்பக்கத்தில். இரண்டு முறை இடப்பக்கத்தையே மாற்றிக்கொண்டிருந்ததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

ஹிஞ்சிலேயே மூன்று இடம் பார்க்க வேண்டும். குழாயின் வாய் முட்டை வடிவத்துக்கு மாறியிருக்கிறதா? தண்டைப் பிடித்து ஆட்டினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் நான் மாற்றிவிடுவேன். தகடு மடங்கும் விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா? கடைசியாக, ஸ்க்ரூ. பேனலின் மேல்தகடு அரை மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். ஸ்க்ரூவுக்கு உண்மையான பிடி, உள்ளே வைத்திருக்கும் இரும்புப் பட்டையும் பேனலின் முனை மூடியும்தான். அவை அரித்துப்போனால் ஸ்க்ரூ பார்க்க இறுக்கமாக இருக்கும், ஆனால் ஹிஞ்சுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் தூக்கிக்கொடுக்கும். அப்படியென்றால் நீளமான ஸ்க்ரூ போட்டுப் பயனில்லை, அது பேனலுக்குள் அடைத்திருக்கும் ஃபோமுக்குள்தான் போகும். ஒரு சைஸ் தடித்த ஸ்க்ரூ பிடித்தால் சரி. பிடிக்கவில்லை என்றால் முனை மூடியை மாற்ற வேண்டும்.

இப்போது கீழ் பிராக்கெட். உங்கள் கதவு கிட்டத்தட்ட 9.6 சதுர மீட்டர். 40 மி.மீ. பேனல் சதுர மீட்டருக்கு 12 கிலோ சுமார் என்று வைத்தால் பேனல் மட்டும் 115 கிலோ. சாமான்களோடு 140 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். கதவு மூடியிருக்கும்போது மேலே ஷாஃப்ட்டில் முறுக்கிய ஸ்பிரிங் அநேகமாக இந்த எடை முழுவதையும் இரண்டு கேபிள் வழியாக இழுத்துப் பிடித்திருக்கிறது. அதாவது பக்கத்துக்கு 70 கிலோ, எந்நேரமும். கதவு அசையாமல் நிற்பதால் அங்கே விசை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மூடிய நிலையில்தான் அது உச்சத்தில் இருக்கிறது. அந்த பிராக்கெட்டின் ஸ்க்ரூவைக் கழற்றினால் பிராக்கெட்டும் கேபிளும் மேல்நோக்கிப் பாயும், முன்னால் குனிந்திருப்பவரின் முகம் வழியாக. கை எலும்பு முறிந்தவர்களும் கண் போனவர்களும் இந்தத் தொழிலில் உண்டு. ஸ்பிரிங்கின் முறுக்கை அதற்கான கம்பிகளைக் கொண்டு, பழகிய ஆள் தளர்த்திய பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

துரு எந்த அளவுக்கு என்பதைத் தொடாமல் பார்க்கலாம். டார்ச்சும் செல்போன் கேமராவும் போதும். வெள்ளைத் தூள் மட்டும் என்றால் துத்தநாகப் பூச்சு கரைந்துகொண்டிருக்கிறது, இன்னும் அவகாசம் இருக்கிறது. செந்துரு செதில் செதிலாக உரிகிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கேபிள் மாட்டும் பின்னைச் சுற்றியோ, ஸ்க்ரூ தலைகளிலோ உலோகம் கரைந்திருந்தால் கதவை ஒரு முறைகூட இயக்காதீர்கள். பேனலுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஈரம் தேங்கும் பின்பக்கம் எப்போதும் முன்பக்கத்தைவிட மோசமாகத்தான் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

வெல்டிங் ஏன் கூடாது? பேனலுக்குள் இருப்பது பாலியூரித்தேன் ஃபோம். மெல்லிய தகட்டுக்குப் பின்னால் அது தீப்பிடித்தால் வெளியே தெரிவதற்குள் உள்ளே ஓடிவிடும், புகையும் நச்சு. பக்கத்தில் குளிர்பதன அறை வைத்திருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தவிர, வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோவதால் துரு அங்கிருந்தே மறுபடி தொடங்கும்.

எஸ்எஸ் யோசனை தப்பில்லை, ஆனால் எந்த எஸ்எஸ் என்று கேளுங்கள். உப்பும், தரை கழுவும் குளோரின் கலந்த தண்ணீரும் படும் இடத்தில் 304 ரகத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு வரும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம் தாங்கும். அதற்கு ஸ்க்ரூவும் எஸ்எஸ்ஸாகவே இருக்கட்டும். பெரிய எஸ்எஸ் பிராக்கெட்டில் சின்ன ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்க்ரூ போட்டால் ஈரத்தில் அரிப்பு முழுவதும் அந்த ஸ்க்ரூவின் மேல் விழும். ஓர ஹிஞ்சை உள்ளூர்ப் பட்டறையில் செய்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை, தகடு குறைந்தது 2 மி.மீ. இருந்து, குழாயின் உயரம் பழையதோடு ஒத்திருந்தால். கீழ் பிராக்கெட்டை மட்டும் கதவு தயாரித்தவர்களிடமோ அந்த வகைச் சாமான் விற்பவர்களிடமோ வாங்குங்கள். ஆள் வரும்போது, கேபிள் அறுந்தால் டிராக்கைக் கவ்விக் கதவை நிறுத்தும் அமைப்பு கொண்ட பிராக்கெட் உங்கள் கதவுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். தாங்கும் பாகம் ஒன்று அறுந்தாலும் கதவு விழக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலையான இஎன் 12604-இன் எதிர்பார்ப்பு. கேபிளும் அதே வயதுதான், பிராக்கெட்டோடு சேர்த்து அதையும் மாற்றிவிடுங்கள்.

ஸ்பிரிங்கைத் தளர்த்தத்தான் ஆள் வருகிறார் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 20 முறை, வருடத்துக்கு 300 நாள் என்றால் ஏழு வருடத்தில் 42,000 முறை. சாதாரணமாகப் போடும் ஸ்பிரிங்குகள் 10,000 முதல் 25,000 முறைக்குக் கணக்கிட்டவை.

உங்கள் ஆட்கள் செய்யக்கூடியது பேனல் இணைப்புகளில் உள்ள ஹிஞ்சுகளும் அவற்றின் ரோலர்களும். கதவு முழுக்க மூடி, மின்சாரம் பூட்டப்பட்டு, இரண்டு டிராக்கிலும் ஏதாவது ஒரு ரோலருக்குச் சற்று மேலே கிளாம்ப் போட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஹிஞ்ச். அதை மாட்டி இறுக்கிய பிறகுதான் அடுத்தது. ஆனால் உங்கள் கதவில் கீழ் பிராக்கெட்டே சந்தேகத்தில் இருப்பதால் அந்த வேலை முடியும் வரை இதிலும் கை வைக்க வேண்டாம்.

சாமான் வாங்கப் போகும்போது பழைய ரோலர் ஒன்றையும் ஹிஞ்ச் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். சக்கரத்தின் விட்டம், தண்டின் விட்டமும் நீளமும், ஹிஞ்சின் எண், ஸ்க்ரூ துளைகளுக்கு இடையிலான தூரம், இவ்வளவும் பொருந்த வேண்டும். ரோலர் எஸ்எஸ் தண்டும் மூடிய பேரிங்கும் உள்ளதாக இருக்கட்டும். இரட்டை ஹிஞ்ச், நீளத் தண்டு என்று கடைக்காரர் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது அகலமான, கனமான கதவுகளுக்கு. மாட்டிய பிறகு ஹிஞ்ச் மூட்டிலும் தண்டிலும் சிலிகான் ஸ்பிரே அடித்தால் போதும். டிராக்குக்குள் கிரீஸ் தடவச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தடவாதீர்கள், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிராக்கை ஈரத்துணியால் துடைத்து உலர விட்டால் போதும்.