யுட்டோப்பியா தீவு: ஊரும் ஆறும் துறைமுகமும் – கேள்வி பதில்

தாமஸ் மோர் லத்தீனில் எழுதி, 1516இல் லூவன் நகரில் அச்சான ‘யுட்டோப்பியா’ நூலில் வரும் கற்பனைத் தீவைப் பற்றிய கேள்விகள் இவை. ஊர்கள், ஆறு, துறைமுகம் போன்ற இடங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு வேண்டுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறேன். தீவின் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்காதீர்கள். நூலின் இரண்டாம் பாகத் தொடக்கத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள். தீவு முழுக்க அந்த வரிகளில்தான் இருக்கிறது.

கல்லூரி மாணவி, திருச்சி: கப்பலில் போகிறவருக்கு யுட்டோப்பியாவில் முதலில் எது கண்ணில் படும்?

விரிகுடா வழியாகப் போனால் ஒரு கோபுரம். தீவு மூன்றாம் பிறை போல வளைந்தது. பிறையின் இரு நுனிகளுக்கும் இடையே சுமார் 11 மைல். அந்த வாய் வழியாகக் கடல் உள்ளே புகுந்து பெரிய விரிகுடாவாகப் பரவுகிறது. சுற்றிலும் நிலம் காற்றைத் தடுப்பதால் அலை இல்லை, ஏரி மாதிரி கிடக்கிறது. உள்கரை முழுவதுமே ஒரே துறைமுகம் என்று சொல்லலாம். இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கப்பல்கள் போய் வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் உள்ளே நுழைவது லேசு இல்லை. வாயின் ஒரு பக்கம் ஆழமில்லாத நீர், மறுபக்கம் பாறைகள். நடுவில் ஒரே ஒரு பாறை மட்டும் வெளியே தெரிகிறது. அதன் மேல்தான் கோபுரம், அதில் காவல் படை. கண்ணுக்குத் தெரியும் அந்தப் பாறையால் ஆபத்தில்லை, நீருக்குள் மறைந்திருப்பவைதான் கப்பலைக் கிழிக்கும். நடுவே போகும் வழி அந்த நாட்டவருக்கு மட்டுமே தெரியும். அவர்களுமே கரையில் உள்ள அடையாளங்களைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். அடுத்து மோர் சொல்வதைத்தான் நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் படிப்பேன்: அந்த அடையாளங்களை இடம் மாற்றி வைத்துவிட்டால் போதும், எத்தனை பெரிய எதிரிக் கப்பற்படை வந்தாலும் தானாகப் பாறையில் மோதி அழியும். நுழைவழியையே ஆயுதமாக்கிய துறைமுகம் அது.

வாசகர், கோவை: இப்படி ஒரு தீவு உண்மையில் இருந்ததா? எங்கே?

இருந்ததில்லை. பெயருக்கே ‘எங்கும் இல்லாத இடம்’ என்றுதான் கிரேக்க வேர். எங்கே என்பதற்கும் நூலிலேயே பதில் உண்டு. தீவைக் கண்டு வந்ததாகக் கதை சொல்பவர் ரஃபேல் என்ற பயணி. அவர் சரியான இடத்தைச் சொன்ன நேரத்தில் வேலைக்காரர் ஒருவர் வந்து மோரின் காதில் ஏதோ சொன்னார், கப்பலில் சளி பிடித்திருந்த இன்னொருவர் பலமாக இருமினார், அந்தச் சொல் காதில் விழாமல் போய்விட்டது என்று மோரின் நண்பர் பீட்டர் கைல்ஸ் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். அந்தக் கடிதமும் நூலோடு சேர்த்து அச்சிடப்பட்டது.

வாசகி, யாழ்ப்பாணம்: ரஃபேல் இலங்கைக்கு வந்ததாகப் படித்தேன். அப்படியானால் தீவு எங்கள் பக்கம்தானா?

வந்தார் என்பது சரி. கடலோடி அமெரிகோ வெஸ்புச்சியின் கடைசிப் பயணத்தில் ஒரு கோட்டையில் விட்டுவரப்பட்ட 24 பேரில் ரஃபேலும் ஒருவர் என்று கதை தொடங்குகிறது. அங்கிருந்து ஐந்து தோழர்களோடு பல நாடுகள் சுற்றி, தப்ரபேன் தீவை அடைந்து, அங்கிருந்து கள்ளிக்கோட்டை போய், போர்ச்சுகீசியக் கப்பல் ஏறி ஊர் திரும்புகிறார். தப்ரபேன் என்பது இலங்கையின் பழைய கிரேக்கப் பெயர். ஆனால் இலங்கை அவர் திரும்பும் வழியில் வரும் ஊர் மட்டும்தான். யுட்டோப்பியா அதற்குப் பக்கத்தில் என்று ஒரு சொல்கூட நூலில் இல்லை. ஒரு ஐரோப்பியக் கற்பனையில் 1516இலேயே இலங்கையும் கள்ளிக்கோட்டையும் வழித்துறைகளாக வருவது எனக்கும் சந்தோஷம்தான். அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்.

கட்டடப் பொறியாளர், மதுரை: தலைநகர் அமௌரோட்டின் குடிநீர், பாலம், மதில் பற்றி விவரமாகச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நகரம் மெல்லச் சரியும் ஒரு குன்றின் மேல், ஏறக்குறைய சதுரமாக அமைந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே தொடங்கி இரண்டு மைல் இறங்கி அனைடர் ஆற்றைத் தொடுகிறது. ஆறு நகருக்கு 80 மைல் மேலே ஒரு சின்ன ஊற்றாகப் பிறந்து, கிளை ஆறுகள் சேர்ந்து, நகரத்தருகே அரை மைல் அகலமாகிறது. இன்னும் 60 மைல் ஓடிக் கடலில் கலக்கிறது.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கடல் ஏறி இறங்கும். ஏற்றத்தின்போது 30 மைல் தூரத்துக்கு ஆறு முழுக்க உப்பு நீர். அதற்கும் மேலே சில மைல் கரிப்பு. நகரத்தை அடையும்போது நல்ல நீர். வற்றம் வந்தால் கடல் வரைக்கும் நன்னீர்தான். தேம்ஸ் ஆற்றையும் லண்டனையும் தெரிந்தவர்கள் இதைப் படித்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள். மோர் லண்டன்காரர்.

பாலம் கல் வளைவுகளால் ஆனது, மரத்தூண் கிடையாது. அதைக் கட்டிய இடத்தைக் கவனியுங்கள்: கடலிலிருந்து மிகத் தள்ளி, நகரின் மேல்கோடியில். காரணம், கீழே கட்டினால் கப்பல் தடைபடும். மேலே கட்டியதால் நகரத்தின் ஆற்றங்கரை முழுவதும் கப்பல் வந்து நிற்க முடிகிறது.

குடிநீர் இந்த ஆற்றிலிருந்து வருவதில்லை. குன்றிலேயே பிறந்து நகரின் நடுவே ஓடும் இன்னொரு சிற்றாறு உண்டு. முற்றுகை வந்தால் எதிரி அதைத் திருப்பவோ நஞ்சு கலக்கவோ கூடாதென்று அதன் ஊற்றையே மதிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அங்கிருந்து சுடுமண் குழாய்களில் தாழ்வான பகுதிகளுக்குத் தண்ணீர் போகிறது. குழாய் எட்டாத இடங்களில் மழைநீர்த் தொட்டி. அப்புறம் மதில்: உயரமும் கனமும் உள்ளது, நிறைய கொத்தளங்கள். மூன்று பக்கம் நீரில்லாத அகழி, அது நிறைய முள். நாலாவது பக்கத்துக்கு ஆறே அகழி.

தெருக்கள் 20 அடி அகலம். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தெரு, பின்னால் தோட்டம். கதவுகள் இரட்டைக் கதவு, கை வைத்தால் திறக்கும், தானே மூடிக்கொள்ளும். பூட்டு கிடையாது, யாரும் உள்ளே போகலாம். பத்து வருடத்துக்கு ஒரு முறை சீட்டுக் குலுக்கி வீடு மாற்றிக்கொள்கிறார்கள்.

வாசகர், சேலம்: தீவு எந்தக் கடலில் இருக்கிறது?

கோவை வாசகருக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்.

வாசகர், ஈரோடு: 54 நகரங்களின் பெயர்ப் பட்டியல் கிடைக்குமா?

கிடைக்காது. நூலில் பெயர் சொல்லப்பட்டது அமௌரோட் மட்டும். அதிலேயே விஷயம் இருக்கிறது. ஒரு நகரத்தைத் தெரிந்தால் எல்லா நகரத்தையும் தெரிந்த மாதிரி என்கிறார் ரஃபேல். மொழி, வழக்கம், சட்டம் எல்லாம் ஒன்று. நிலம் இடம் கொடுக்கும் அளவுக்கு அமைப்பும் ஒன்று. இணையத்தில் யாராவது 54 பெயர் போட்டிருந்தால் அவர் சொந்தமாக வைத்தவை.

கணித ஆசிரியர், திருவாரூர்: நடுவில் அகலம் 200 மைல், சுற்றளவு 500 மைல் என்கிறது நூல். 200 மைல் விட்டமுள்ள வட்டத்துக்கே சுற்றளவு 628 வருமே. கணக்கு இடிக்கிறது.

இடிக்கத்தான் செய்கிறது. 500 சுற்றளவுள்ள வட்டத்துக்கு விட்டம் 159 மைல்தான். அந்த வட்டத்துக்குள் 200 மைல் அகல நிலத்தை வைக்கவே முடியாது.

கட்டடப் பொறியாளர், மதுரை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 500 என்பது உள்ளே இருக்கும் விரிகுடாவின் சுற்றளவாக இருந்தால்?

நானும் அப்படிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதற்குச் சாதகமாக ஒன்று உண்டு. மிக அருகிலுள்ள நகரங்களுக்கு இடையிலேயே 24 மைல் என்கிறார் மோர். ஒவ்வொரு நகரத்துக்கும் எல்லாப் பக்கமும் குறைந்தது 12 மைல் விளைநிலம். நகரத்துக்கு 24க்கு 24 என்று கட்டம் போட்டால் 576 சதுர மைல். 54 நகரத்துக்கு 31,104 சதுர மைல். 500 சுற்றளவு வட்டம் முழுவதையும் எடுத்தாலும் 20,000கூட வராது, அதிலும் விரிகுடாவைக் கழிக்க வேண்டும். ஆக, 500 வெளிச்சுற்றாக இருந்தால் ஊர்களுக்கே இடம் பத்தாது.

கணித ஆசிரியர், திருவாரூர்: விரிகுடா என்று வைத்தால் தீவு மிகப் பெரிதாகிவிடுமே. ஊருக்கு ஊர் ஒரு நாள் நடைதான் என்று நூல் சொல்வது என்னாகும்?

அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். அப்படி வைத்தால் நிலம் 80,000 சதுர மைல் அளவுக்குப் போகும். நகரங்கள் சுமார் 39 மைல் தள்ளித் தள்ளி நிற்கும். ஒரே நாளில் நடக்கக் கால் நன்றாக இருக்க வேண்டும். அதோடு நூலின் வாக்கியம் தீவின் நுனிகள் வளைந்து வட்டத்தை நிறைவு செய்வதைத்தான் சொல்கிறது, விரிகுடாவைத் தனியாகச் சொல்லவில்லை.

என் முடிவு இது: 200ஐ வைத்துக்கொள்ளுங்கள், 500ஐ விடுங்கள். 200க்கு அந்த அனைடர் ஆறே சாட்சி. அனைடர் ஊற்றிலிருந்து கடல் வரை 140 மைல். 200 மைல் அகல நிலத்தில் அது வசதியாக ஓடும். தலைநகர் தீவின் தொப்புள் மாதிரி என்கிறது நூல். கடலுக்கு ஆற்று வழி 60 மைல் என்பதால் அது நட்ட நடுவில் இருக்க முடியாது, ஒரு கரைக்குக் கொஞ்சம் கிட்டத்தில்தான் இருக்கும்.

மோர் எண்களில் அலட்சியமானவர் என்றும் நினைக்க வேண்டாம். பாலத்தின் நீளம் 500 தப்படி என்று தனக்கு நினைவு, ஆனால் கூட இருந்த ஜான் கிளமென்ட் ஆறே அங்கே 300 தப்படிதான், 200ஐக் குறைக்க வேண்டும் என்கிறான், நீங்களே ரஃபேலிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று கைல்ஸுக்குக் கடிதம் எழுதியவர் அவர். இல்லாத பாலத்துக்கு!

கட்டடப் பொறியாளர், மதுரை: 1518 படத்தை அளந்து பார்த்தால் முடிவு தெரியாதா?

தெரியாது. அது பாசல் பதிப்புக்காக அம்புரோசியஸ் ஹோல்பைன் செய்த மரச்செதுக்கு. அழகான வேலை. ஆனால் அது அளவு வைத்து வரைந்த நிலப்படம் இல்லை, 54 நகரங்களும் அதில் இல்லை. படத்தை அளக்காதீர்கள், வரிகளை அளங்கள்.

வாசகர், சென்னை: பூட்டில்லாத வீடு, ஆறு மணி நேர வேலை. இப்படி ஒரு சொர்க்கத்தில் குடியேற ஆசையாக இருக்கிறது.

தயவுசெய்து நூலை முழுதாகப் படியுங்கள். ஊருக்கு வெளியே ஆடு மாடு அறுக்கும் இடம் இருக்கிறது, அங்கே வேலை செய்பவர்கள் அடிமைகள். ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் நாற்பது பேரோடு இரண்டு அடிமைகள் உண்டு. வேறு ஊர் போக வேண்டுமானால் தலைவரின் அனுமதிக் கடிதம் வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் ஓடிப்போனவன் என்று இழுத்து வந்து தண்டிப்பார்கள், இரண்டாம் முறை என்றால் அடிமைத்தனம். பூட்டில்லாத கதவைச் சொல்கிறவர்கள் இந்தக் கடிதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாசகி, புதுச்சேரி: தங்கத்தில் மலச்சட்டி செய்வார்களாமே?

ஆமாம், தங்கத்துக்கு மதிப்பே வரக்கூடாதென்று. இங்கே இடங்களைப் பற்றி மட்டும்.

வாசகர், நெல்லை: தீவு இருக்கும் இடம் உறுதியாகத் தெரியுமா?

இது மூன்றாவது முறை. கோவை வாசகருக்கான பதில்.

ஆய்வு மாணவர், தஞ்சை: இது இயற்கையாகவே தீவா?

இல்லை. முதலில் பெருநிலத்தோடு ஒட்டியிருந்தது, பெயர் அப்ராக்ஸா. அதை வென்ற யுட்டோப்பஸ் 15 மைல் நிலத்தை வெட்டிக் கடலை விட்டான். தோற்றவர்களை மட்டும் வெட்டச் சொன்னால் அவமானமாக நினைப்பார்கள் என்று தன் படைவீரர்களையும் மண்வெட்டி பிடிக்க வைத்தான். முடியவே முடியாது என்று சிரித்த அக்கம்பக்கத்து நாட்டார், வேலை முடிந்த வேகத்தைப் பார்த்து மிரண்டுபோனார்கள். அந்த நாட்டின் முதல் கட்டுமானம் அந்தக் கால்வாய்தான்.

ஆசிரியை, மட்டக்களப்பு: இதைப் பார்த்து யாராவது நிஜமாக ஊர் கட்டினார்களா?

கட்டினார்கள். வாஸ்கோ தே கிரோகா என்ற ஸ்பானிய நீதிபதி மெக்சிகோ போய், அங்கே பழங்குடி மக்கள் படும் பாட்டைப் பார்த்து, 1532இல் மெக்சிகோ நகருக்கு அருகில் சாந்தா ஃபே என்ற குடியிருப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மிச்சோவாக்கானில் இன்னொன்று. நிலம் பொது, வேலை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், நோயாளிகளுக்கு இடம், விளைச்சல் எல்லாருக்கும். மோரின் நூலை முன்னால் வைத்தே இதைச் செய்தார். பின்னால் மிச்சோவாக்கானின் பிஷப் ஆனார்.

பள்ளி மாணவன், கரூர்: நீங்கள் அங்கே போனால் எந்த இடத்தைப் பார்ப்பீர்கள்?

ஏதாவது ஒரு பண்ணை வீடு, தம்பி. அங்கே முட்டைகளைக் கோழி அடைகாப்பதில்லை. மனிதர்களே சீரான சூட்டில் வைத்துப் பொரிக்கிறார்கள். ஓட்டை விட்டு வெளியே வந்ததும் குஞ்சுகள் முதலில் பார்ப்பது மனிதர்களை. அவர்களையே தாய் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடும். அதைப் பார்க்க வேண்டும்.