அண்ணன் கடனை அடைத்துவிட்டால் என் சூதாட்டம் நின்றுவிடுமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு வயது 36. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நான்கு ஆண்டுகளாகச் செல்பேசியில் ரம்மியும் விளையாட்டுப் பந்தயமும் ஆடிவருகிறேன். தொடக்கத்தில் ஒரே இரவில் ஒரு மாதச் சம்பளத்தை ஜெயித்தேன். அதன்பிறகு கடன் மட்டும்தான் வளர்ந்தது.

இன்று மொத்தக் கடன் என் 14 மாதச் சம்பளத்துக்குச் சமம். மாதச் சம்பளக் கணக்கில் சொன்னால், வங்கித் தனிநபர் கடன் 6, இரண்டு கிரெடிட் கார்டுகளில் 3, நகை அடகு 2, நண்பர்களிடம் கைமாற்று 2, கடன் செயலிகளில் 1. அடகில் இருப்பவை மனைவியின் வளையல்கள். பெட்டகத்தில் இருப்பதாகவே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த கடன் 4 மாதச் சம்பளம் அளவுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்போதைய கடனை அம்மா தன் சேமிப்பை எடுத்து அடைத்தார். மூன்றே மாதத்தில் மறுபடி ஆடினேன். இப்போது அண்ணன், தன் நிலத்தை விற்று எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடுகிறேன், நீ நிறுத்தினால் போதும் என்கிறார். இந்தக் கடன் மட்டும் தீர்ந்தால் நிச்சயம் நிறுத்திவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. கடனை அடைக்கத்தானே ஆடுகிறேன்? அண்ணனின் உதவியை ஏற்கலாமா? மனைவியிடம் எப்படிச் சொல்வது? சில இரவுகளில், நான் இல்லாமல் போனால் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள் என்றுகூடத் தோன்றுகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். சூதாட்டக் கடனில் சிக்கியவர்களுக்குத் தற்கொலை எண்ணம் வருவது அரிதல்ல. கடன் வெளியே தெரியப்போகிற நாட்களில்தான் அது கூர்மையாகும். அதை இன்றிரவே அண்ணனிடமோ மனைவியிடமோ, எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று அதே சொற்களில் சொல்லுங்கள். இரவில் தனியாக இருக்காதீர்கள். எண்ணம் வலுத்தால் விடியும்வரை காத்திருக்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14 மாதச் சம்பளக் கடனுக்குத் தீர்வு உண்டு. அந்தத் தீர்வுக்கு நீங்கள் இருக்க வேண்டும்.

இனி அண்ணனின் உதவி. அவர் சொல்லும் முறையில் வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூல், சூதாட்டக் கோளாறை அடிமைப் பழக்கங்களோடு சேர்த்தது. அது தரும் 9 அறிகுறிகளில் குறைந்தது நான்கு ஓராண்டுக்குள் தென்பட்டால் நோய் எனக் கருதுகிறார்கள். விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்ப ஆடுவது அவற்றில் ஒன்று, அளவை மறைத்துப் பொய் சொல்வது இன்னொன்று. கடன் நெருக்கடியிலிருந்து மீள அடுத்தவர் பணத்தை நம்பியிருப்பதும் அந்த ஒன்பதில் அடக்கம். அம்மாவின் சேமிப்புக்கு நேர்ந்தது இதுதான். கடன் ஒரே நாளில் மறைந்ததும் கிரெடிட் கார்டின் வரம்பு முழுவதும் திறந்துகொண்டது, அழைப்புகள் நின்றன, பயம் போனது. ஆடும் பழக்கமும் ஆடுவதற்கான வழியும் அப்படியே இருந்தன. மூன்று மாதம் தாங்கியதே பெரிது.

கடனை அடைக்கத்தான் ஆடுகிறேன் என்கிறீர்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், கணக்காகவே பாருங்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் நடத்துபவரின் பங்கு 5% என்று வைத்துக்கொள்வோம். கையில் 100 இருக்கிறது. ஜெயித்ததையும் சேர்த்துத் திரும்பத் திரும்ப வைத்து மொத்தம் 2,000 அளவுக்குப் பந்தயம் கட்டினால், சராசரியாக அந்த 100 முழுவதும் போய்விடும். செல்பேசியில் இதற்கு ஓர் இரவு போதும். அந்த முதல் வெற்றி இரவு உங்கள் மூளையில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை மிக உறுதியாகப் பிடித்துவைக்கும். ஒரு சீட்டில் தவறிய ஆட்டமும், ஜெயிக்கப் போனோம் என்ற உணர்வைத் தந்து அடுத்த ஆட்டத்துக்கு இழுக்கும். அதனால் கடனும் சூதும் ஒன்றையொன்று தீனி போட்டு வளர்க்கின்றன. சூதுக்குப் போகும் வழியை அடைக்காமல் கடனைத் தொடக்கூடாது.

முதல் வேலை, உங்கள் கைக்கும் பணத்துக்கும் நடுவே ஒரு ஆளை நிறுத்துவது. சம்பளம் மனைவியோ அண்ணனோ நிர்வகிக்கும் கணக்குக்குப் போகட்டும். உங்களிடம் ஒரு வாரச் செலவுக்கான ரொக்கம் மட்டும் இருக்கட்டும். கார்டுகளைக் கிழித்துப்போட்டால் போதாது. எண் மனப்பாடமாக இருக்கும், சில செயலிகளில் சேமித்தும் இருக்கும். புதுச் செலவு செய்ய முடியாதபடி வங்கியில் எழுதிக்கொடுத்து முடக்குங்கள். இணைய வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுவது அவர்கள் கையில் இருக்கட்டும். பரிவர்த்தனைக் குறுஞ்செய்தி அவர்கள் எண்ணுக்கும் போகட்டும்.

அடுத்து ஆட்டக் கணக்குகள். செயலியை நீக்குவதால் கணக்கு மூடாது. ஐந்து நிமிடத்தில் திரும்ப நிறுவிவிடலாம். ஒவ்வொன்றிலும் சுய விலக்கம், அதாவது என்னை ஆட அனுமதிக்காதீர்கள் என்று நீங்களே கேட்டுக்கொள்ளும் தடை, கோரி, கிடைக்கும் மிக நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுங்கள். மிச்சத் தொகையை எடுத்துவிடுங்கள், எடுக்க முடியாவிட்டால் கைவிடுங்கள். பலர் திரும்பப் போனது அந்தச் சில்லறைத் தொகையைச் செலவழித்துவிடலாம் என்று நினைத்துத்தான். சூதாட்டத் தளங்களைத் தடுக்கும் மென்பொருளை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் நிறுவி, கடவுச்சொல்லை மனைவி வைத்துக்கொள்ளட்டும். ஆட்டக் கணிப்புகள் பகிரும் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். ஊக்கத்தொகை தருகிறோம் என்ற செய்திகள் ஓயாமல் வந்தால் எண்ணையே மாற்றுவது நல்லது. அலுவலகப் பணம் உங்கள் கைக்கு வருமானால் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றச் சொல்லிக் கேளுங்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. நல்ல மனிதர்கள் இரண்டு நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்துத் தடுக்கி விழுந்த இடம் அது.

மனைவியிடம் ஒரே அமர்வில் முழுத்தொகையையும் சொல்லுங்கள். பாதியைச் சொல்லிப் பிறகு மீதியைச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புது ஏமாற்றம். நான்கு மாதச் சம்பளக் கடன் என்று ஏற்கெனவே அவருக்குத் தெரிந்திருப்பதால் உங்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். பேசும் முன் கடன் அறிக்கையையும், 12 மாத வங்கி, கார்டு விவரங்களையும் எடுத்துவைத்து, கைமாற்று வாங்கிய ஒவ்வொருவரையும் தொகையையும் எழுதுங்கள். வளையல்களைப் பற்றி முதலிலேயே சொல்லுங்கள், அடகுச் சீட்டைக் கையில் கொடுங்கள். குழந்தைகள் இருந்தால், அவர்கள் தூங்கும் நேரமாகவோ வீட்டில் இல்லாத நேரமாகவோ பாருங்கள். இனி ஆடவே மாட்டேன் என்ற சத்தியம் அப்போது வேண்டாம், அதை அவர் கேட்டுச் சலித்திருப்பார். பணத்தை அவர் பொறுப்பில் விட ஒப்புக்கொள்ளுங்கள். கோபமும் மௌனமும் வரும். அன்றைக்கே மன்னிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

கடனுக்கு வருவோம். சம்பளத்தில் 30% ஒதுக்கினால், வட்டியே இல்லாவிட்டாலும் 47 மாதம் ஆகும். வட்டி சேர்ந்தால் ஐந்து முதல் ஏழு ஆண்டு. மலைக்க வேண்டாம். மாதாமாதம் உங்கள் கைப்படக் கட்டும் அந்தத் தொகை, கடன் தீர்வதோடு பழக்கம் மாறவும் உதவும்.

முதலில் வீட்டு வாடகை, உணவு, மின்சாரம், கல்விச் செலவு. இவற்றை நிறுத்திக் கடன்காரருக்குக் கொடுத்தால் அடுத்த மாதமே புதுக்கடன் வாங்க வேண்டிவரும். மீதியில், வட்டி அதிகமான கடனுக்கு அதிகத் தொகை, மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தவணை. கார்டில் மாதம் 3% வட்டி என்றால் 100 ரூபாய் நிலுவை ஓராண்டில் 142ஐத் தாண்டும். 5% குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் நிலுவை பாதியாகவே இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே கடன் செயலிகளும் கார்டுகளும் முன்வரிசை. வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பித்துத் தவணைக் காலத்தை நீட்டவும், கார்டு நிலுவையை வட்டி குறைந்த தவணைக் கடனாக மாற்றவும் கேளுங்கள். மாற்றியதும் அந்தக் கார்டை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் காலியான வரம்பில் இரண்டாவது கடன் ஏறும். கட்ட முடியாத தொகையை ஒப்புக்கொண்டு இரண்டாம் மாதமே தவறினால் பேச்சுவார்த்தைக்கு இடமிருக்காது. தள்ளுபடிக்கு ஒருவர் சம்மதித்தால், பணம் கட்டும் முன் அதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு செயலிக் கடனை இன்னொரு செயலியில் வாங்கி அடைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நண்பர்களிடம் உண்மையைச் சொல்லி, சிறிய தொகையாக இருந்தாலும் குறித்த தேதியில் கொடுத்து வாருங்கள்.

அண்ணன் உதவியே ஆகவேண்டும் என்றால் நிலத்தை விற்க வேண்டாம். செயலிக் கடனை மட்டும் அடைக்கட்டும். பணம் உங்கள் கை வழியாகப் போகாமல் அவரே நேரடியாகக் கட்டி, கணக்கு மூடிய கடிதத்தை வாங்கிக்கொள்ளட்டும். அதை அவருக்குத் தரவேண்டிய கடனாக உங்கள் பட்டியலில் சேருங்கள். புதிதாக எதற்கும் அவர் ஜாமீன் கையெழுத்துப் போடக்கூடாது.

சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வும் குடியும் சேர்ந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை நல்ல பலன் தருகிறது. சிலருக்கு உந்துதலைக் குறைக்க நால்ட்ரெக்சோன் மாத்திரையும் தருவதுண்டு. பார்க்கின்சன் நோய்க்கான சில மருந்துகளும் அரிப்பிப்ரசோல் என்ற மனநோய் மருந்தும் சூதாட்ட உந்துதலைத் தூண்டக்கூடும். உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் அவரிடம் சொல்லுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற, சூதாட்டத்தை விட விரும்புவோரின் சுய உதவிக் குழு பல நாடுகளில் கூடுகிறது, இணையவழிக் கூட்டங்களும் உண்டு.

முதல் சில வாரங்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும். உந்துதல் அலைபோல எழும், பெரும்பாலும் அரைமணி நேரத்தில் தணியும். செல்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு நடங்கள், ஒருவரை அழையுங்கள். சம்பள நாளும் சண்டைக்குப் பிந்தைய இரவும் உங்களுக்கு ஆபத்தானவை, அன்று தனியாக இருக்காதபடி முன்பே ஏற்பாடு செய்யுங்கள். பந்தயம் கட்டாமல் ஸ்கோர் மட்டும் பார்க்கிறேன் என்பதும் வேண்டாம்.

தவறி ஆடிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். எந்த வழியாகப் பணம் கிடைத்தது என்று இருவரும் உட்கார்ந்து கண்டுபிடித்து அதை அடையுங்கள். மறைத்துவைத்த தோல்விதான் அடுத்த பந்தயமாகிறது.

உங்கள் மனைவிக்கும் பேச ஒரு இடம் வேண்டும். சூதாடுபவர்களின் குடும்பத்தாருக்கென்றே கேம்-அனான் என்ற குழு இருக்கிறது. அவர் செல்பேசியைக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். எப்போது நம்புவாய் என்று கேட்காதீர்கள். மாதக் கடைசியில் கணக்கு விவரத்தை அவர் கேட்கும் முன்பே முன்னால் வைத்துவிடுங்கள்.