எத்தனையாவது ஈத்து?

அன்புள்ள ஐயா,

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு புரோக்கர் மூலம் ஷிட்ஸு நாய்க்குட்டி வாங்கினோம். 40 நாள் குட்டி, கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) வம்சாவளிப் பேப்பர் உண்டு என்றார். வந்த சில நாளில் வாந்தி, ரத்தபேதி. பார்வோ என்ற வைரஸ் தொற்று என்றார் டாக்டர். பிழைக்கவில்லை. புரோக்கரிடம் கேட்டால், "என்னிடம் நன்றாகத்தானே இருந்தது" என்கிறார். இதற்கெல்லாம் சட்டமே கிடையாதா? பேசாமல் ராஜபாளையம் மாதிரி நாட்டு நாயே வாங்கிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஆள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். பார்வோ தொற்றி நோய் வெளியே தெரிய பெரும்பாலும் 5 முதல் 7 நாள் ஆகும். அதற்குள் குட்டி கைமாறிவிடும், பழி உங்கள் வீட்டின் மேல். 40 நாளில் குட்டி பொம்மை மாதிரி இருக்கும். தீனிச் செலவும் தடுப்பூசிச் செலவும் ஆரம்பிப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். தள்ளிவிடுகிறார்கள்.

சட்டம் இருக்கிறது. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அதாவது உங்களுக்கு விற்றதே விதிமீறல். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இனப்பெருக்கத் தொழில் நடத்தக் கூடாது. பெண் நாய்க்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு ஈத்து, ஆயுளுக்கு ஐந்து, அவ்வளவுதான். சரி, இது எத்தனையாவது ஈத்து என்று யார் எண்ணுவது? குட்டி புரோக்கர் கையில், தாய் எங்கோ ஒரு மொட்டை மாடிக் கூண்டில். கேசிஐ பேப்பர் வம்சத்தைச் சொல்லும், கூண்டைச் சொல்லாது.

அப்படிப்பட்ட ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன். பெங்களூரு ஹெப்பால் பக்கம் யாரோ இறக்கிவிட்டுப் போன லாப்ரடார். மடி தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. நகங்கள் சுருண்டு பாதத்துக்குள் வளர்ந்திருந்தன, நடந்திருந்தால்தானே தேயும்? மூத்திரத்திலேயே நின்று பாதம் வெந்திருந்தது. புல்லில் கால் வைக்கப் பயந்து சிமெண்ட் ஓரமாகவே நின்றது. ஈனுவது நின்றுபோயிருக்கும், தீனி போடுவது நஷ்டம் என்று கொண்டுவந்து விட்டிருப்பார்கள்.

நாய் இனப்பெருக்கத் தொழிலுக்கே முழுத் தடை கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மொட்டை மாடியில் நடப்பது இன்னும் ஒளிந்து நடக்கும். நான் கேட்பது, குட்டி விற்ற ரசீதில் தாயின் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண் இருக்க வேண்டும். அதைக் கணினியில் தட்டினால் அவள் வயதும் ஈத்துக் கணக்கும் யாருக்கும் தெரிய வேண்டும். அபராதமும் உறைக்க வேண்டும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய்தான். ஒரு குட்டியை ஆயிரக்கணக்கில் விற்பவன் இதற்கா பயப்படுவான்?

நாட்டு நாய் என்றதும் பாவம் தீர்ந்துவிடாது. வெள்ளை வெளேர் ராஜபாளையம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறோம். அந்த வெள்ளையோடு சேர்ந்தே அந்த இனத்தில் பிறவிச் செவிடும் அதிகம். வளர்ப்பவர் தாயைக் காட்ட மறுத்தால், எந்த இனமானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

எப்படியும் இப்போதைக்குக் குட்டி எதுவும் வேண்டாம். பார்வோ கிருமி வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஒரு வருடம்கூட. சாதாரண ஃபினாயில் கழுவலை நம்பாதீர்கள். பிளீச் கரைசலால் தரையைத் துடையுங்கள், அந்தக் குட்டியின் தட்டு, படுக்கை எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். மகள் காத்திருக்க மாட்டாள் என்றால், மீட்பு இல்லத்தில் தடுப்பூசி முழுதும் போட்ட பெரிய நாயாகப் பாருங்கள். இனநாய்களும் அங்கே வருகின்றன, காரணம் மேலே சொன்னதுதான்.