பங்க்கில் எரிபொருள் கொட்டினால் மண்ணை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: டேங்கர் லாரியிலிருந்து இறக்கும்போது ஹோஸ் கழன்று டீசல் கொட்டிவிட்டது. மணல் போட்டு அள்ளியாயிற்று, வாடையும் இல்லை. இன்னும் சோதனை வேண்டுமா?

வேண்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவாமல் மணலைப் போட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். கான்கிரீட் தளம் விரிசல் இல்லாமல் இருந்தால் கவலை குறைவு. தளத்தின் ஓரம், டேங்க் மூடிக்குக் கீழே உள்ள சேம்பர், மழைநீர் வடிகால், இந்த மூன்றையும் பாருங்கள். மேல்மண்ணில் வாடை இல்லை என்பதை நம்பாதீர்கள். எண்ணெய் கீழே இறங்கியிருக்கலாம். கை ஆகரால் (கையால் திருகி மண்ணைத் துளைத்து எடுக்கும் கருவி) அரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு முறை மண் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆவியை அளக்கும் பிஐடி மீட்டர் பெட்ரோலுக்கு நன்றாக வேலை செய்யும். டீசல் அவ்வளவாக ஆவியாகாது, மீட்டரில் குறைவாகவே காட்டும். அதனால் ஆய்வகச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

கேள்வி: உரத்துக்கு மண் பரிசோதனை செய்வதுபோல நாலு இடத்தில் எடுத்து, கலந்து அனுப்பலாமா?

தயவுசெய்து வேண்டாம். நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. தழைச்சத்து, மணிச்சத்துக்கு அந்த முறை சரி. பெட்ரோலில் உள்ள பென்சீன், டொலுவீன் போன்றவை கிளறக் கிளறப் பறந்துவிடும். முறத்தில் காயவைத்துப் புடைத்து அனுப்பினால் 'சுத்தமான மண்' என்றுதான் அறிக்கை வரும்!

ஆகர் மேலே வந்த உடனே உள்பக்க மண்ணை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் இடைவெளி இல்லாமல் அடைத்து மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். அதே ஆழத்து மண் கொஞ்சத்தை ஜிப் கவரில் பாதி நிரப்பி, கையால் நசுக்கிப் பத்து நிமிடம் விட்டு, மீட்டர் முனையை உள்ளே செருகுங்கள். எண் எங்கே திடீரென்று ஏறுகிறதோ அந்த ஆழத்துக் குப்பிதான் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அதற்குக் கீழே எண் இறங்கியபிறகு ஒரு குப்பியும் அனுப்புங்கள், மாசு எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமே. நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டிய மண்ணை விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். கோடையிலும் மழையிலும் நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அந்தப் பட்டை முழுக்க அப்பிக்கொள்ளும்.

கேள்வி: பங்க்குக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கிணற்றுத் தண்ணீரில் லேசான பெட்ரோல் வாடை. கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

கூடாது. கொதிக்கவைத்தால் அந்த ஆவி சமையலறையில் நிறையும். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி அளவில் பென்சீன் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். மூக்குக்குத் தெரியும் அளவு அதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் வாடை போய்விட்டாலும் தண்ணீர் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. கிணற்றருகே தீக்குச்சி கிழிக்கவே வேண்டாம். சம்ப், கிணறு போன்ற பள்ளங்களில் பெட்ரோல் ஆவி தங்கும்.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் வீட்டுப் போர்வெல்களில் எண்ணெய் வந்தது. பழியைச் சுமந்தது பங்க் அல்ல, நிலத்தடி எண்ணெய்க் குழாய். ஆகவே பங்க்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரே நேர்க்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே மட்டக்குறியிலிருந்து அளந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். தரையின் சரிவை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் பெரிய மோட்டார் ஓடினால் ஓட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் மண்ணுக்கு நல்லதுதானே?

எத்தனால் சீக்கிரம் மக்கும், உண்மை. ஆனால் நுண்ணுயிர்கள் முதலில் அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பென்சீன் சிதைவது தாமதமாகி இன்னும் தூரம் போகும்.

கேள்வி: பழைய பங்க் இருந்த மனை விலைக்கு வருகிறது. என்ன கேட்க வேண்டும்?

டேங்குகளைத் தோண்டி எடுத்தார்களா, மணல் நிரப்பி அப்படியே விட்டார்களா என்று முதலில் கேளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க 2000-இல்தான் நின்றது; அதற்கு முந்திய பங்க் என்றால் ஈயத்துக்கும் சோதியுங்கள். அப்புறம், போர் போடுபவர் களிமண் அடுக்கைத் துளைத்துவிட்டு அடைக்காமல் போனால் மேலே தேங்கிய பெட்ரோல் அடுத்த நீரடுக்குக்கு இறங்கிவிடும். துளையைப் பென்டோனைட் (தண்ணீர் பட்டால் ஊதும் களிமண்) போட்டு அடைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.