லயத்து வீட்டில் நத்தார் மரம்: பசுமையும் பாதுகாப்பும்

கேள்வி: தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயக் காம்பிராவில் வசிக்கிறோம். ஒவ்வொரு வருடமும் நான்கடி உயரச் சைப்ரஸ் கொப்பொன்றை நத்தார் மரமாக வைக்கிறோம். நள்ளிரவுப் பூசைக்கு முன்பே அது பழுத்து உதிர்ந்துவிடுகிறது. மூன்று இராசாக்கள் திருநாள் வரை அதைப் பசுமையாக வைத்திருக்க முடியுமா? வீட்டில் ஒரேயொரு பிளக் பொயின்ற்தான் உள்ளது. மின்குமிழ் மாலை போடலாமா?

பதில்: இரண்டும் முடியும். டிசம்பர் மாதத்தில் உங்கள் பக்கத்துக் காற்றில் குளிரும் ஈரமும் இருப்பதால், வெட்டிய மரத்துக்கு அது மிகவும் ஏற்ற காலம். வெட்டுமுகம் அடைபட்டு நீர் ஏறாமல் போவதும், விறகடுப்பின் வெக்கை படும் இடத்தில் நிற்பதுமே மரம் வாடக் காரணங்கள்.

சைப்ரஸை வெட்டிய சில மணித்தியாலங்களிலேயே பிசின் கசிந்து வெட்டுமுகத்தை மூடத் தொடங்கும். நீர் ஏறும் நுண்குழாய்களுக்குள் காற்றும் புகுந்துவிடும். ஆகவே, வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அடியிலிருந்து ஓர் அங்குலத்தை வாளால் நேராக அறுத்து அகற்றி, உடனேயே நீரில் நிறுத்துங்கள். சரிவாக வெட்டினால் நீர் கூடுதலாக ஏறுவதில்லை, மரம் ஆடத்தான் செய்யும். வாளிக்குள் நுழைப்பதற்காகப் பட்டையைச் சீவுவதும் கூடாது. பட்டையை ஒட்டிய வெளிப்புற மரப்பகுதி வழியாகவே நீர் மேலேறுகிறது.

பால்மா டின்னில் காய்ந்த மணலை நிரப்பி மரத்தை நட்டுவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அகன்ற வாளியில் மரத்தை நிறுத்தி, சுற்றிலும் கருங்கற்களை இறுக்கி, நீர் ஊற்றினால் மரமும் சாயாது, தாகமும் தீரும். அடிமரத்தின் விட்டத்தில் அங்குலத்துக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றர் என்ற அளவில் தொடக்க நாட்களில் நீர் குறையலாம். காலையிலும் மாலையிலும் பார்த்து ஊற்றுங்கள். நீர்மட்டம் வெட்டுமுகத்துக்குக் கீழே இறங்கினால் அது மீண்டும் அடைபடும். சீனி, மாத்திரை எதுவும் தேவையில்லை, வெறும் தண்ணீரே போதும். டிசம்பர் 20ஆம் திகதியளவில் வெட்டினால், ஜனவரி 6 வரை இரண்டரை வாரங்கள்தான். தோட்டத்து மரமாயின் நிர்வாகத்திடம் கேட்டே வெட்டுங்கள். ஒதுக்குக் காட்டில் கை வைக்க வேண்டாம்.

அலங்காரத்தைவிட எனக்குக் கவலை தருவது தீ. லயத்தின் காம்பிராக்கள் அனைத்தும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், ஒரு வீட்டில் பற்றும் நெருப்பு வரிசை முழுவதையும் எரித்துவிடக்கூடும். ஆகவே அடுப்பு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து, வாசல் வழியையும் மறிக்காமல், முன்னறையின் மூலையில் மரத்தை வையுங்கள். பனி போலத் தோன்றப் பஞ்சு ஒட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பஞ்சு நொடியில் பற்றிக்கொள்ளும். மெழுகுதிரியை மரத்திலோ பாலன் குடிலிலோ ஏற்ற வேண்டாம்.

எல்.ஈ.டி. குமிழ் மாலை மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுப்பதால், ஒரு பிளக் அதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதே பிளக்கில் மல்ரி பிளக்கைச் செருகி, கேத்தலையும் ஸ்திரிக்கைப்பெட்டியையும் சேர்த்துப் பாவிக்கக் கூடாது. 230 வோல்ற் மின்சாரத்தில் உரிந்த வயரும் ரேப் சுற்றிய மூட்டும் உயிராபத்தானவை. அத்தகைய மாலையைத் திருத்த முயலாமல் எறிந்துவிடுங்கள். மரத்தடியில் நீர் இருப்பதால், மாலையின் இணைப்பு வாளியிலிருந்து விலகி உயரத்தில் இருக்கட்டும். உறங்கச் செல்லுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இஸ்தோப்பில் தொங்கவிடும் நட்சத்திரக் கூட்டுக்கு வெளிப்புறப் பாவனைக்கென விற்கப்படும் குமிழே ஏற்றது.

குமிழ் மாலையை முதலில், அடியிலிருந்து மேலாகச் சுற்றியபின், கனமானவற்றை அடிமரத்துக்கு அண்மையில் கட்டுங்கள். பைனஸ் காய்களும் சிவப்பு நாடாவும் சைப்ரஸின் கரும்பச்சைக்கு மிக அழகாகப் பொருந்துவதால், கடை ஜிகினா அதிகம் தேவைப்படாது.

தினமும் ஒரு சிறு கொப்பை வளைத்துப் பாருங்கள். வளையாமல் முறிந்தாலோ, தொட்டதும் பொலபொலவென உதிர்ந்தாலோ, திருநாளுக்குக் காத்திராமல் மரத்தை அன்றே வெளியேற்றுங்கள். காய்ந்த சைப்ரஸைக் கட்டாக அடுப்பில் திணிக்கவும் வேண்டாம். பிசின் காரணமாகச் சுவாலை திடீரென எழும். சிறிதாக நறுக்கி மரக்கறிப் பாத்தியின் நடைவழியில் பரப்பினால், மழைக்குச் சேறாகாமல் இருக்கும்.