விளக்குப் போடுவதெல்லாம் ஒரு வேலையா?

நியூ ஜெர்சியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

"நானும் அவள் அப்பாவும் டாக்டர்கள். இவள் நாடக மேடையில் ஏணி ஏறி விளக்கு மாட்டப் போகிறேன் என்கிறாளே" என்ற உங்கள் வரியைப் படித்ததும் எனக்கு மேடை ஒளியமைப்பாளர் ஜீன் ரோசந்தால் நினைவுக்கு வந்தார். 1912இல் நியூயார்க்கில் பிறந்தவர். அவருடைய அப்பா அம்மாவும் டாக்டர்கள், ருமேனியாவிலிருந்து குடியேறியவர்கள்.

அந்தக் காலத்தில் விளக்கமைப்பு தனித் தொழிலே இல்லை. செட் போடுபவரோ எலக்ட்ரீஷியனோ அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியமைப்புப் பேராசிரியர் ஸ்டான்லி மெக்காண்ட்லெஸிடம் பாடம் கேட்ட ரோசந்தால், பிறகு அரசு நடத்திய நாடகத் திட்டத்தில் சேர்ந்தார். 1937 ஜூனில், அந்தத் திட்டத்தின் இசை நாடகம் ஒன்று நடக்கவிருந்த அரங்கத்தையே அரசு பூட்டிவிட்டது. வேறு அரங்கம் அமையும்வரை பியானோவை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றியவர் இவர்தான். வயது 25. இந்தத் துறையில் பாதி வேலை இப்படித்தான் இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமின் நடனங்களுக்குப் பல ஆண்டுகள் ஒளியமைத்தார். 1957இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 1964இல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' என்று நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயின் பெரிய மேடைகள் வந்தன. ஆனால் உங்கள் மகள் கவனிக்க வேண்டியது அவருடைய தாள்களை. எந்த விளக்கு எந்தக் கம்பியில், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பிரகாசம் என்று எல்லாமே குறிப்பில் இருக்கும். அவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் மறுநாள் அதே வெளிச்சம் வரும். ஆண்களே நிறைந்த மேடைப் பணியாளர்களிடம் அவர் காரியம் சாதித்தது அதட்டலால் அல்ல, விஷயம் தெரிந்ததால். அவர்களுக்குத் தெரிந்ததையும் மதித்தார்.

சரி, பணம்? மாதச் சம்பளம் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் நாடகத்துக்கு நாடகம் ஒப்பந்தம்தான். வடிவமைப்பாளர்களுக்கு 'யுனைடெட் சீனிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் 829' என்ற தொழிற்சங்கம் இருக்கிறது. யேலின் நாடகப் பள்ளியில் 2021 முதல் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் அது பட்டமேற்படிப்பு, இடங்களும் குறைவு. அதை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். போன பள்ளி நாடகத்துக்கு அவள் எழுதிய விளக்குக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடித்துத் திருத்திய நாலு பக்கம் கையில் வந்தால், கல்லூரி விண்ணப்பத்தோடு சேர்க்க அதையே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தாளே இல்லை, கைதட்டலைப் பற்றிய பேச்சுதான் என்றால், கோடை விடுமுறையில் ஏதாவது ஓர் அரங்கத்தில் கேபிள் சுற்றும் வேலைக்கு அனுப்பிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.